நானாவதி வழக்கு: 'மனைவிக்காகச் செய்த கொலை' என்னும் வாதம் பற்றிய ஒரு திறனாய்வு

நானாவதி வழக்கு என்பது 1959 ஏப்ரல் 27 அன்று பம்பாயில் நடந்த ஒரு கொலை தொடர்பான வழக்கு ஆகும். இந்தியக் கடற்படை அதிகாரியான கமாண்டர் காவஸ் மானெக்ஷா நானாவதி, தம் மனைவி சில்வியாவுடன் உறவு கொண்டிருந்த பிரேம் பகவான்தாஸ் அஹுஜா என்பவரைச் சுட்டுக் கொன்றார். ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் என்றனர். பம்பாய் உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் கொலைக் குற்றவாளி என்றன. இறுதியில் மாநில ஆளுநர் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

சட்டக் கல்லூரிகளில் இவ்வழக்கு இன்றும் பாடமாக உள்ளது. ஆனால் பொதுமக்கள் நினைவில் அது வேறு விதமாகத் தங்கியிருக்கிறது. மனைவிக்காகவும் குடும்ப மானத்துக்காகவும் துப்பாக்கி எடுத்த கணவனின் கதை என்றே பலரும் அதை அறிவர். இந்த நினைவு சரியானதுதானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மனைவியைக் காக்கச் செய்யும் வன்செயல் வேறு. மனைவியின் மனம் மாறியதற்காகச் செய்யும் வன்செயல் வேறு. முன்னதைச் சட்டம் உரிமையாகவே தருகிறது. பின்னதற்கு முன்னதன் பெயரைச் சூட்டுவதுதான் இவ்வழக்கைச் சுற்றி நடந்த பெரும் பிழை.

நிகழ்வு

சில்வியா இங்கிலாந்தைச் சேர்ந்தவர். இருவருக்கும் 1949-ல் திருமணம் நடந்தது, மூன்று குழந்தைகள். நானாவதி கடற்பணி காரணமாக அடிக்கடி வெளியூரில் இருக்க வேண்டியிருந்தது. அக்காலத்தில் குடும்ப நண்பரான அஹுஜாவுடன் சில்வியாவுக்கு நெருக்கம் ஏற்பட்டது.

1959 ஏப்ரல் 27 அன்று நண்பகலில், கணவர் கேட்டபோது சில்வியா உண்மையை ஒப்புக்கொண்டார். பின்னர் நானாவதி மனைவியையும் குழந்தைகளையும் காரில் ஏற்றி மெட்ரோ திரையரங்கில் இறக்கிவிட்டார். அங்கிருந்து தம் கப்பலுக்குச் சென்றார். இரவில் தனியாக அகமத்நகருக்குக் கார் ஓட்டிச் செல்லப் போவதாகப் பொய்க் காரணம் சொல்லி ஒரு கைத்துப்பாக்கியையும் ஆறு தோட்டாக்களையும் பெற்று, ஒரு பழுப்பு நிற உறையில் வைத்துக்கொண்டார். அஹுஜாவின் அலுவலகத்துக்குப் போனார். அங்கே அவர் இல்லை. பிறகு அவரது வீட்டுக்குச் சென்று படுக்கையறைக்குள் நுழைந்தார். சில்வியாவை மணந்து குழந்தைகளையும் ஏற்றுக்கொள்வாயா என்று தாம் கேட்டதாகவும், அஹுஜா இழிவாகப் பதில் சொன்னதாகவும் நானாவதி பின்னர் கூறினார். மூன்று குண்டுகள் பாய்ந்தன, அஹுஜா இறந்தார். நானாவதி தாமாகவே காவல்துறையிடம் சரணடைந்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறைக்குள் அஹுஜா சொன்னதாகக் கூறப்படும் சொற்களுக்குச் சாட்சி நானாவதி ஒருவரே. மறுத்துப் பேச வேண்டியவர் உயிருடன் இல்லை. வழக்கின் புகழ்பெற்ற அந்த உரையாடல், கொன்றவர் வாயிலிருந்து மட்டுமே உலகுக்குக் கிடைத்தது.

நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட வாதங்கள்

எதிர்த்தரப்பின் முதல் வாதம், இது விபத்து என்பது. துப்பாக்கியைப் பறிக்க அஹுஜா முயன்றதாகவும், இருவரும் கட்டிப்புரண்டபோது குண்டுகள் தாமாக வெடித்ததாகவும் சொல்லப்பட்டது. இரண்டாவது வாதம் மாற்றாக வைக்கப்பட்டது: நானாவதி சுட்டது உண்மை என்றே கொண்டாலும், கடுமையான திடீர்ச் சினமூட்டலால் தன்னிலை இழந்து சுட்டார், ஆகவே இது கொலைக்குற்றம் ஆகாது.

அரசுத் தரப்பு இதை மறுத்தது. அஹுஜா அப்போதுதான் குளித்துவிட்டு இடுப்பில் துண்டுடன் இருந்தார். அவர் இறந்து கிடந்தபோதும் அந்தத் துண்டு இடுப்பிலேயே இருந்தது. உண்மையான மல்லுக்கட்டு நடந்திருந்தால் அது அவிழ்ந்திருக்கும் என்பது அரசுத் தரப்பின் வாதம்.

மனைவியைக் காப்பாற்றச் சுட்டேன் என்று நீதிமன்றத்தில் நானாவதி தரப்பு சொல்லவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. சொல்லியிருக்கவும் முடியாது. அந்த நேரத்தில் சில்வியா குழந்தைகளுடன் திரையரங்கில் இருந்தார். அவரை அஹுஜா அடிக்கவில்லை, மிரட்டவில்லை, கடத்தவில்லை. 'மனைவிக்காகச் செய்தார்' என்ற பேச்சு நீதிமன்றத்துக்கு வெளியே பிறந்து, வெளியே வளர்ந்த பேச்சு.

ஜூரிகள் ஒன்பது பேரில் எட்டுப் பேர் நானாவதி குற்றவாளி அல்ல என்றனர். அம்முடிவு எந்த நியாயமான மனிதரும் ஏற்கத்தக்கதல்ல என்று கருதிய அமர்வு நீதிபதி, வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். உயர் நீதிமன்றம் 1960 மார்ச்சில் ஆயுள் தண்டனை விதித்தது. 1961 நவம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் கே. சுப்பாராவ்.

காக்கும் உரிமை பற்றிச் சட்டம் சொல்வது

இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையைப் பற்றியவை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 34 முதல் 44 வரையிலான பிரிவுகளாக உள்ளன. தற்காப்பு என்றாலும் இது தன்னை மட்டும் காக்கும் உரிமை அன்று. தன் உடலையும் வேறு எவருடைய உடலையும் தாக்குதலிலிருந்து காக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு.

இதில் கணவன், மனைவி என்ற சொற்களே இல்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணைக் காக்க வழிப்போக்கனுக்கு எவ்வளவு உரிமை உண்டோ, அவ்வளவே அவளுடைய கணவனுக்கும் உண்டு. கணவனே அடிக்கும்போது மனைவி தன்னைக் காத்துக்கொள்ளவும், அவளை அண்டை வீட்டார் காக்கவும் அதே உரிமை உண்டு. இங்கே சட்டம் உறவைப் பார்ப்பதில்லை, ஆபத்தையே பார்க்கிறது.

இந்த உரிமைக்கு எல்லைகளும் உண்டு. அவற்றை எளிமையாக இவ்வாறு சொல்லலாம்:

ஒன்று, ஆபத்து உண்மையாக இருக்க வேண்டும். அல்லது இருப்பதாக நம்ப நியாயமான காரணம் வேண்டும்.

இரண்டு, ஆபத்து நீடிக்கும் வரைதான் உரிமையும் நீடிக்கும்.

மூன்று, அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் இந்த உரிமை இல்லை.

நான்கு, காப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது.

உயிரைப் பறிக்கும் அளவுக்கு இவ்வுரிமை நீள்வது சில நிலைகளில் மட்டுமே. மரணம் அல்லது கொடுங்காயம் நேரும் என்ற அச்சம், பாலியல் வன்முறை, கடத்தல், 2013-ல் சேர்க்கப்பட்ட அமில வீச்சு போன்றவை அவற்றுள் அடங்கும்.

ஒரு எடுத்துக்காட்டைக் கொள்வோம். அரிவாளுடன் ஒருவன் மனைவி மீது பாய்கிறான், கணவன் கையில் கிடைத்த உலக்கையால் அவனை அடிக்கிறான், அவன் இறந்துபோகிறான். இது குற்றமே அன்று. அதே மனிதன் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிய பின், கணவன் தெருத்தெருவாகத் துரத்திப் போய் அடித்துக் கொன்றால் அது காப்பு அன்று, பழிவாங்கல். அடியும் அடித்தவனும் ஒன்றாக இருக்கலாம். ஆபத்து முடிந்த கணம் சட்டத்தின் பார்வை மாறிவிடுகிறது.

நானாவதி வழக்கை இந்த அளவுகோல்களில் வைத்தால் ஒன்றுகூடப் பொருந்தாது. ஆபத்து இல்லை, நேரம் இருந்தது. சட்ட வழியும் இருந்தது. பிறன்மனை உறவு அன்று தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவின்படி ஆணுக்கு ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்கத்தக்க குற்றம். புகார் கொடுக்கும் உரிமை கணவரிடமே இருந்தது. மணவிலக்குக்கும் வழி இருந்தது. சட்டம் கணவருக்கு இவ்வளவு சாதகமாக இருந்த காலத்திலும் அவர் நாடியது துப்பாக்கியை.

சினமூட்டல் என்னும் விதிவிலக்கு

தண்டனைச் சட்டத்தின் 300-ஆம் பிரிவில் முதல் விதிவிலக்கு சினமூட்டலைப் பற்றியது. கடுமையாகவும் திடீரெனவும் சினமூட்டப்பட்டு, தன்னடக்கத்தை இழந்த நிலையில் ஒருவர் கொன்றால், அது கொலைக்குற்றத்திலிருந்து ஒரு படி இறங்குகிறது. மரண தண்டனை என்ற அச்சம் நீங்குகிறது. தண்டனை குறையவும் கூடும். புதிய சட்டத்திலும் 101-ஆம் பிரிவில் இவ்விதிவிலக்கு தொடர்கிறது.

காப்புரிமைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அடிப்படையானது. காப்புரிமையில் சட்டம், 'நீ செய்தது சரி' என்கிறது. சினமூட்டலில், 'நீ செய்தது தவறு. ஆனால் மனித பலவீனத்தைக் கணக்கில் கொள்கிறேன்' என்கிறது. முன்னது நியாயம், பின்னது இரக்கம். பேச்சு வழக்கில் இவ்விரண்டும் கலந்துவிடுவதால்தான் சினத்தில் கொன்றவன் காவலனாகத் தோன்றுகிறான்.

பழைய ஆங்கிலச் சட்டத்திலிருந்து வந்த கருத்து இது. மனைவியுடன் வேறொருவனைக் கண்ட கணவனின் சினத்தை மிகப் பெரிய சினமூட்டலாக 17, 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில நீதிபதிகள் கருதினர். அவர்கள் கண்ணில் அது ஆணின் உடைமை மீது நடந்த அத்துமீறல். மனைவி உடைமையாகக் கருதப்பட்ட காலத்தின் எச்சம் இவ்விதிவிலக்கின் வேரில் இருக்கிறது.

தீர்ப்பின் வலுவும் குறையும்

உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் வலு, காலத்தை அது அளந்த விதத்தில் இருக்கிறது. நானாவதி வீட்டை விட்டுப் புறப்பட்டது பிற்பகல் 1.30 அளவில், கொலை நடந்தது 4.20 அளவில். ஏறத்தாழ மூன்று மணி நேரம். சினம் தணியவும் அறிவு திரும்பவும் அது போதுமான நேரம் என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

இதைவிட முக்கியமான மற்றொரு கருத்தும் தீர்ப்பில் உண்டு. மனைவி, குழந்தைகளின் எதிர்காலத்தை நினைத்துத்தான் அஹுஜாவிடம் போனேன் என்பது நானாவதியின் கூற்று. அப்படியானால் அவர் தன்னடக்கத்தை மீட்டுக்கொண்டார் என்றும், எதிர்காலத்தைத் திட்டமிடும் தெளிவுடன் இருந்தார் என்றும்தான் பொருள் என்று நீதிமன்றம் கூறியது. பொதுமக்கள் எதைக் கண்டு நெகிழ்ந்தார்களோ, அதையே நீதிமன்றம் நிதான மனத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டது. 'குடும்பத்துக்காகச் செய்தேன்' என்பவர், 'நினைவிழந்து செய்தேன்' என்றும் சொல்ல முடியாது. இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். இவ்வழக்கின் மிகக் கூர்மையான வாதம் இதுவே எனலாம்.

தீர்ப்பில் குறையும் உண்டு. சினமூட்டலை அளக்க நீதிமன்றம் வகுத்த சோதனை, குற்றம் சாட்டப்பட்டவரின் அதே சமூகப் பிரிவைச் சேர்ந்த நியாயமான மனிதர் அந்நிலையில் தன்னடக்கம் இழப்பாரா என்பது. சமூகப் பழக்கத்தையும் பின்னணியையும் கணக்கில் கொள்ளும் இச்சோதனை ஒரு வகையில் மனிதநேயம் உள்ளது. ஆனால் ஒரு சமூகப் பிரிவில் பெண்ணை உடைமையாக எண்ணும் வழக்கம் இருந்தால், அந்த எண்ணமும் 'நியாயமான மனிதரின்' எண்ணமாகிவிடும் ஆபத்து இதில் உள்ளது.

மேலும், சில்வியாவின் ஒப்புதலைக் கேட்டவுடன் நானாவதி சற்று நேரம் தன்னடக்கம் இழந்திருக்கலாம் என்று நீதிமன்றம் வைத்துக்கொண்டது. விதிவிலக்கு மறுக்கப்பட்டதற்குக் காரணம் கடந்துபோன மூன்று மணி நேரம். துப்பாக்கி வீட்டிலேயே இருந்து, கோபம் அந்த நொடியிலேயே பாய்ந்திருந்தால் என்ன? அந்தக் கதவு மூடப்படவில்லை. மனைவியின் மன மாற்றம் ஓர் உயிரைப் பறிக்கப் போதுமான சினமூட்டல்தானா என்ற கேள்வி கேட்கப்படாமலே நின்றுவிட்டது.

பத்திரிகையும் மன்னிப்பும்

ஆர். கே. கரஞ்சியாவை ஆசிரியராகக் கொண்ட 'பிளிட்ஸ்' வார இதழ் நானாவதியை வெளிப்படையாக ஆதரித்தது. நாட்டுக்குப் பணியாற்றும் நேர்மையான அதிகாரி ஒரு பக்கம், பணமும் சொகுசும் கொண்ட பெண்பித்தர் மறுபக்கம் என்று கதை இரண்டு நிறங்களில் தீட்டப்பட்டது. சீருடை ஒரு வாதமாயிற்று. செத்தவரின் குணம் கொலைக்கு விடையாயிற்று. அஹுஜா நல்லவரா என்பது வழக்கின் கேள்வியே அன்று. தீய நடத்தை உள்ளவரைக் கொல்லவும் எவருக்கும் உரிமை இல்லை.

உயர் நீதிமன்றம் தண்டித்தவுடன், அன்றைய ஆளுநர் ஸ்ரீபிரகாசா தண்டனையை நிறுத்தி வைத்து, நானாவதி கடற்படைக் காவலில் இருக்க ஆணையிட்டார். மேல்முறையீடு தன் முன் வந்த பிறகு அந்த ஆணை செயல்பட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1960 செப்டம்பரில் கூறியது. 1964-ல் ஆளுநர் விஜயலட்சுமி பண்டிட் மன்னிப்பு வழங்கினார். நானாவதி பார்சி, அஹுஜா சிந்தி. சிந்தி வணிகரான பாய் பிரதாப்புக்கும் மன்னிப்பு வழங்கப்பட்டதால் இரு சமூகத்தாருக்கும் சமநிலை காட்டப்பட்டது. அஹுஜாவின் சகோதரியிடமும் மன்னிப்புக்கு இசைவு பெறப்பட்டது. நானாவதி குடும்பத்துடன் 1968-ல் கனடா சென்று, 2003-ல் காலமானார்.

மன்னிப்பு அளிப்பது ஆளுநரின் அதிகாரம். அதில் சட்டப் பிழை இல்லை. ஆனால் தீர்ப்பு வரைந்த கோடு மக்கள் மனத்தில் பதிவதற்குள் மன்னிப்பு அதை மங்கச் செய்தது. இந்தியாவில் ஜூரி முறையை ஒழித்தது இவ்வழக்கே என்ற கருத்தும் பரவலாக உள்ளது. அது முழு உண்மை அன்று. 1958-லேயே சட்ட ஆணையம் தன் 14-ஆம் அறிக்கையில் ஜூரி முறையைக் கைவிடப் பரிந்துரைத்திருந்தது.

திரைப்படங்கள்

இவ்வழக்கின் சாயலில் இந்தியில் மூன்று படங்கள் குறிப்பிடத்தக்கவை. ஆர். கே. நய்யர் இயக்கிய 'யே ராஸ்தே ஹைன் பியார் கே' 1963-ல் வந்தது. சுனில் தத், லீலா நாயுடு நடித்தனர். குல்சார் இயக்கிய 'அச்சானக்' 1973-ல் வந்தது. வினோத் கன்னா நாயகன். அக்ஷய் குமார் நடித்த 'ருஸ்தம்' 2016-ல் வந்து, அவருக்குத் தேசிய விருதும் பெற்றுத் தந்தது.

இவற்றுள் 'ருஸ்தம்' காட்டும் மாற்றம் கவனிக்கத்தக்கது. நாயகன் ஜூரிகளால் விடுதலை பெறுவதோடு படம் முடிகிறது. உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் கதையில் இல்லை. தற்காப்புக்காகச் சுட்டதாக நாயகன் வாதிடுகிறான். கொல்லப்பட்டவன் நாட்டுக்கு எதிரான ஊழலில் பங்குள்ளவனாகவும் ஆக்கப்படுகிறான். நீதிமன்றத்தில் நானாவதி சொல்லாத வாதத்தை, அரை நூற்றாண்டு கழித்துப் படம் சொல்கிறது. கணவனின் பொறாமை மட்டும் இன்றைய பார்வையாளருக்குப் போதுமான நியாயமாகத் தோன்றாது என்பதைப் படம் எடுத்தவர்களே உணர்ந்திருக்கிறார்கள் என்று இதைக் கொள்ளலாம்.

மூன்றில் 'அச்சானக்' நேர்மையானது. அதில் நாயகன் மனைவியையும் அவளுடைய காதலனையும் கொல்கிறான்; மரண தண்டனை பெறுகிறான். காயமுற்ற அவனை மருத்துவர்கள் பாடுபட்டுக் காப்பாற்றுகிறார்கள், தூக்கிலிடுவதற்காக. கொன்றவனை அந்தப் படம் வெறுக்கவும் இல்லை, கொண்டாடவும் இல்லை. அந்தச் சினம் யார் மீதெல்லாம் பாயும் என்பதையும் மறைக்கவில்லை. மனைவிக்காக எடுத்ததாகச் சொல்லப்படும் ஆயுதம் மனைவி பக்கமே திரும்ப வெகு நேரம் ஆகாது.

பிற நாடுகளின் அனுபவம்

பிரான்சின் 1810-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம், தன் வீட்டில் மனைவியையும் காதலனையும் கையும் களவுமாகப் பிடித்துக் கொன்ற கணவனுக்குச் சலுகை தந்தது. அது 1975-ல் நீக்கப்பட்டது. குடும்ப மானத்துக்காகச் செய்த கொலைக்குத் தண்டனைக் குறைப்பு தந்த இத்தாலியச் சட்டப் பிரிவு 1981-ல் நீக்கப்பட்டது. இங்கிலாந்தில் 2009-ஆம் ஆண்டுச் சட்டம், துணைவரின் பாலியல் துரோகத்தை மட்டும் தன்னடக்க இழப்புக்குக் காரணமாகக் காட்ட முடியாது என்றது.

பிரேசிலில் இவ்வாதத்துக்கு 'மானத்தின் நியாயமான தற்காப்பு' என்றே பெயர். 1976-ல் ஆஞ்செலா தினிஸ் என்ற பெண்ணைக் கொன்ற அவரது துணைவர், 1979-ல் இவ்வாதத்தால் மிகச் சிறிய தண்டனையுடன் வெளிவந்தார். 'நேசிப்பவர் கொல்வதில்லை' என்ற முழக்கத்துடன் பெண்கள் கிளர்ந்தனர். 1981-ல் நடந்த மறு விசாரணையில் அவருக்கு 15 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஆயினும் அவ்வாதம் அரசியலமைப்புக்கு முரணானது என்று பிரேசில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அறிவிக்க 2023 வரை ஆயிற்று.

கணவன் மனைவியின் எசமானன் அல்லன் என்பதை இந்திய உச்ச நீதிமன்றமும் 2018 செப்டம்பர் 27 அன்று 497-ஆம் பிரிவை நீக்கிய தீர்ப்பில் தெளிவாக்கியது. புதிய தண்டனைச் சட்டத்தில் அக்குற்றம் இல்லை. சட்டம் குற்றமாகவே கருதாத ஒன்று, உயிரைப் பறித்தவருக்கு இரக்கம் தேடித் தரும் காரணமாக நீடிப்பது முரண்.

பெண்ணின் சினம்

திடீர்ச் சினமூட்டல் என்ற விதியில் 'திடீர்' என்ற சொல் பெரும்பாலும் ஆணுக்கே உதவுகிறது. ஆண்டுக்கணக்கில் அடிபட்ட மனைவிக்குச் சினம் ஒரு நொடியில் எழுவதில்லை. மெல்லச் சேர்ந்து ஒரு நாள் உடைகிறது. அதற்கு இந்த விதியில் நேரடி இடமில்லை.

இக்குறையைத் தீர்க்க முதலில் வழி கண்டது சென்னை உயர் நீதிமன்றம். குழந்தைகளுடன் கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்த ஒரு தாயின் வழக்கில், 1989-ல் அந்நீதிமன்றம் 'தொடர் சினமூட்டல்' என்ற கருத்தை ஏற்றது. வறுமையும் அவமானமும் தாங்காமல் ஏழு குழந்தைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்த நல்லதங்காளின் பெயரால் அந்நிலை சுட்டப்பட்டது. தமிழ் நாட்டார் கதை ஒன்று சட்டச் சொல்லானது இவ்வாறுதான். பின்னர் 2013-ல் குவஹாத்தி உயர் நீதிமன்றம், குடித்துவிட்டு அடித்து வந்த கணவனைத் திருப்பி அடித்ததில் அவன் இறந்துபோன ஒரு பெண்ணின் வழக்கில் இக்கருத்தைப் பயன்படுத்தித் தண்டனையைக் குறைத்தது.

நானாவதிக்காகப் பத்திரிகையும் பிரமுகர்களும் திரண்டார்கள். இந்தப் பெண்களுக்காக அப்படி எவரும் திரளவில்லை. இவர்களோ உண்மையிலேயே தாங்க முடியாத நிலையில் இருந்தவர்கள்.

மதிப்பீடு

நானாவதி வழக்கின் தீர்ப்பு முடிவில் சரியானது. காரணத்தில் முழுமை பெறாதது. மூன்று மணி நேரத்தை அளந்த நீதிமன்றம், அந்தச் சினத்தின் அடியில் இருந்த உரிமை எண்ணத்தை அளக்கவில்லை. அதை அளக்கும் வேலை 2018 வரை காத்திருந்தது. சினமூட்டல் விதியில் அது இன்னும் முடியவில்லை.

இத்தகைய செய்தி வரும்போதெல்லாம், 'எந்தக் கணவனுக்குத்தான் பொறுக்கும்?' என்று கேட்பது எளிது. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அந்த நேரத்தில் அவளுக்கு ஆபத்து இருந்ததா? அவன் தடுத்தது அந்த ஆபத்தையா? வேறு வழி இல்லையா? தேவைக்கு மேல் அடித்தானா? இவற்றுக்குச் சரியான விடை இருந்தால் அவன் காவலன். சட்டம் அவனை முழுமையாக விடுவிக்கும். விடை இல்லையென்றால், அவன் மனைவிக்காக அடித்தான் என்று சொல்வது அவளையும் அக்குற்றத்தில் சாட்சியாகச் சேர்ப்பதாகும். அஹுஜா இறந்ததால் சில்வியாவுக்கு எந்தத் தீங்கும் நீங்கவில்லை. கணவருக்காகக் கூண்டில் ஏறித் தன் அந்தரங்கத்தை ஊரறியச் சொல்ல வேண்டிய நிலைதான் அவருக்கு வந்தது.